கிக்ஆஃப் விதியை மாற்றிவிட்டார்கள், பரணி

பிட்ஸ்பர்க்
24 செப்டம்பர் 2024

அன்புள்ள பரணிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். அக்காவும் குழந்தைகளும் போன வாரம் வந்து போனார்கள். சின்னவன் உன்னுடைய பழைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் இறங்கினான். அதை வாங்கி கராஜில் மேல் தட்டில் வைத்துவிட்டேன்.

தமிழில் எழுதுகிறேனே என்று அலுத்துக்கொள்ளாதே. நீ எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் படிப்பாய். மெதுவாகவே படி. கண் வலித்தால் மூடி வைத்துவிட்டு நாளைக்குப் படி.

இந்த அமெரிக்கன் ஃபுட்பால் சீசனில் நம் ஊர் ஸ்டீலர்ஸ் மூன்றுக்கு மூன்று ஜெயித்தாகிவிட்டது. பார்த்தாயா? அட்லாண்டாவில், பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டிய டச்டவுன் ஒன்றுகூட இல்லாமல் 18-10. போஸ்வெல் ஒருவரே ஆறு ஃபீல்ட் கோல் உதைத்துப் பதினெட்டையும் எடுத்தார். டென்வர் ஆட்டம் உன் ஊரிலேயே நடந்தது. டிக்கெட் எடுத்துத் தரட்டுமா என்று ஆகஸ்டிலேயே கேட்டு எழுதினேன், பதில் இல்லை. முந்தாநாள் சார்ஜர்ஸை 20-10 என்று அடித்தோம். ஃபீல்ட்ஸ் நன்றாக ஆடுகிறார். டி.ஜே. வாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நான் நம் அணியின் மஞ்சள் துண்டை எடுத்துச் சுற்றினேன், பக்கத்தில் யாரும் இல்லை.

அப்புறம், ஆட்டத்தைத் தொடங்கிவைக்கிற உதை, அந்தக் கிக்ஆஃப் விதியை மாற்றிவிட்டார்கள், தெரியும்தானே? உன்னிடம் சொல்ல வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உதைக்கிறவர் மட்டும் பழையபடி தன் பக்கத்து 35 யார்டில் நிற்கிறார். மற்ற பத்துப் பேரும் எதிரணியின் 40 யார்டுக் கோட்டிலேயே போய் நிற்கிறார்கள். எதிரில் அஞ்சு, பத்து யார்டு தள்ளித்தான் தடுக்கிற வரிசை. பந்து தரையைத் தொடும் வரை, அல்லது பிடிக்கிற ஆள் கையில் விழும் வரை, இந்த ரெண்டு வரிசையிலும் ஒருவரும் அசையக் கூடாது. நீங்கள் ஓடுவீர்களே, அரை மைதானம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் எதிரே ஓடி வருகிறவன் மேல் முட்டுவது, அது இனிமேல் இல்லை. ஓட்டம்தான் போயிற்று, ஆட்டம் போகவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமையே அரிசோனாக்காரர் ஒருவர் பஃபலோவில் 96 யார்டு திருப்பி ஓடி டச்டவுன் போட்டார்.

ஆபீஸில் நிறையப் பேருக்குப் பிடிக்கவில்லை. பந்தைத் தாங்களே திரும்பப் பிடிக்கக் குட்டையாக உதைக்கிற ஆன்சைட் கிக்கைக்கூட நாலாவது க்வார்ட்டரில், அதுவும் பின்தங்கியிருக்கும் அணி, முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் உதைக்க வேண்டுமாம், இதில் என்ன சுவாரசியம் என்று கேட்கிறார்கள். அது நியாயமான குறைதான். ஆனால் எனக்கு இந்த விதி பிடித்திருக்கிறது. முதல் கிக்ஆஃபை டி.வி.யில் பார்த்தபோது, பத்துப் பேரும் சிலை மாதிரி நின்றார்களே, எனக்குத் தொண்டை அடைத்தது. பதினாலு வருஷம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது.

அஞ்சு வாரமாக நீ ஃபோன் எடுக்கவில்லை. அம்மா பிறந்தநாளுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினாய். அவள் அதையே நாலு தடவை எடுத்துப் பார்த்தாள். வேலை அதிகம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீ கெட்டிக்காரன், நீயாகவே படித்து நீயாகவே வேலை தேடிக்கொண்டவன், உன்னை நான் கேள்வி கேட்க வேண்டியதில்லை. இருந்தாலும் பெற்றவளிடம் ரெண்டு வார்த்தை பேச முடியாத வேலை எது?

சரி, விடு. தூங்குகிறாயா? தண்ணீர் நிறையக் குடி.

ஜூலையில் வந்தபோது நான் கவனித்தேன். மாடி அறையில் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாய். சமையலறைக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாய். காபி வேண்டுமா என்றுதான் கேட்டேன். “தலைவலி எல்லாம் இல்லைப்பா” என்றாய். தலைவலி என்று நான் சொல்லவே இல்லை, பரணி. சனிக்கிழமை பால் வாங்கப் போனவன் பால் இல்லாமல் திரும்பி வந்தாய். கார் வாசலில் வந்து நின்று வெகுநேரம் ஆகியும் கதவு திறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஸ்டீயரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தாய். இறங்கி வந்து கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நீ உள்ளே வந்ததும் பழைய ஸ்டீலர்ஸ் ஆட்டக்காரர் ஃப்ராங்கோ ஹாரிஸ் பற்றிப் பேச்செடுத்தேன்.

காருக்குள் ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு மைக் வெப்ஸ்டர் ஞாபகம் வந்துவிடுகிறது. இன்றைக்கு அவர் இறந்த நாள். 2002-ல், அப்போது உனக்கு எட்டு வயது. நான் இந்த ஊருக்கு வந்தபோது அவர் ஆட்டத்தை விட்டாகிவிட்டது. ஆனால் முதல் வேலையில் என் பக்கத்து மேஜைக்காரருக்கு அவர் பேச்சுதான் எப்போதும். கொட்டுகிற பனியிலும் கை தெரிய ஆடுவார், பதினைந்து வருஷம் ஸ்டீலர்ஸின் சென்டர், நாலு சூப்பர் பௌல் கோப்பை. சென்டர் என்றால் ஒவ்வொரு ஆட்டத்துணுக்கிலும் பந்தைப் பின்னால் கொடுத்த மறுநொடி எதிரிலிருப்பவன் தலையோடு தலை. அவ்வளவு பெரிய மனிதர் கடைசிக் காலத்தில் பிக்கப் வண்டிக்குள் படுத்துத் தூங்கினார். ஐம்பது வயதில் போய்விட்டார். இதே ஊர் பிணவறையில்தான் ஒமாலு என்கிற நைஜீரிய டாக்டர் அவர் மூளையை எடுத்துப் பார்த்தார். வெளிப்பார்வைக்கு ஒன்றுமே தெரியவில்லையாம். விடாமல் மெல்லிசாகச் சீவி வைத்துப் பார்த்தபோதுதான், தலையில் திரும்பத் திரும்பப் பட்ட அடியால் வரும் மூளை நோய் தெரிந்திருக்கிறது. 2005-ல் எழுதினார். அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி ஃபுட்பால் லீக்கின் டாக்டர்கள் கடிதம் போட்டார்கள். நானும் அப்போது லீக் பக்கம்தான் பேசினேன். நீ கேட்டுக்கொண்டுதான் இருந்தாய்.

உனக்கு அந்த நோய் என்று நான் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. நீ ஆடியது மூன்று வருஷம், அவர் ஆடியது பதினேழு வருஷம். உயிரோடு இருக்கும்போது அதைக் கண்டுபிடிக்கவும் முடியாதாம். தலைவலிக்கு ஆயிரம் காரணம் இருக்கும், கண்ணாடிகூட மாற்ற வேண்டியிருக்கலாம். அதனால்தான் டாக்டரிடம் போ என்கிறேன். போய்ப் பழைய அடியையும் சேர்த்துச் சொல். அதைச் சொல்லாமல் விட்டுவிடாதே.

12ஆம் தேதி மயாமி ஆட்டம் பார்த்திருப்பாய். மயாமியின் டுவா நேராக ஓடி வந்து தலையைக் குனிந்து டமார் ஹாம்லின் நெஞ்சில் மோதினார். ஹாம்லின், நம் மெக்கீஸ் ராக்ஸ் பையன், போன வருஷத்துக்கு முந்தின சீசனில் சின்சினாட்டியில் நெஞ்சில் அடிபட்டு மைதானத்திலேயே இதயம் நின்று பிழைத்து வந்தவன். அவன் மேலேயே போய் மோத வேண்டுமா? டுவா மல்லாந்து கிடந்தபோது ஒரு கை விறைத்து மேலே தூக்கியபடியே நின்றது. நான் டி.வி.யை அணைத்துவிட்டேன். அவர் 21 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது இந்த ஜூலையில்தான். இருக்கட்டும். அவர் என் பிள்ளையாக இருந்தால் போதும் வா என்று கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். லூக் கீக்லி 28 வயதில் ஆட்டத்தை நிறுத்தினார், ஆண்ட்ரூ லக் 29-ல் நிறுத்தினார். லக்கை அவர் அணியின் ரசிகர்களே கேலியாகக் கூவி அனுப்பினார்கள். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் நான் இருந்திருந்தால் கூவியிருப்பேனோ என்று யோசித்துப் பார்த்தேன். கூவியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

என் பிள்ளையாக இருந்தால் என்று எழுதிவிட்டு ஒரு மணி நேரம் பேனாவை வைத்துவிட்டேன். எழுந்து போய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்தேன்.

2010, அக்டோபர். அந்த ஞாயிறு நம் ஸ்டீலர்ஸின் ஜேம்ஸ் ஹாரிசன் ஒரே ஆட்டத்தில் எதிரணி பிரவுன்ஸ்காரர்கள் ரெண்டு பேரைச் சாய்த்தார். ரெண்டு பேருக்கும் மூளை அதிர்ச்சி, கன்கஷன். லீக் அவருக்கு 75,000 டாலர் அபராதம் போட்டது. சாப்பிடும்போது நான் கத்தியது உனக்கு ஞாபகம் இருக்கும். அடிக்காமல் ஆடுவதற்கு இது என்ன பல்லாங்குழியா என்றேன். அவர் நம் வீட்டில் கடவுள் மாதிரி. டாம்பா சூப்பர் பௌலில் நூறு யார்டு ஓடி விழுந்து எழ முடியாமல் கிடந்தாரே, அன்றைக்கு நீயும் நானும் கூடவே கூடத்திலிருந்து வாசல் வரை ஓடினோம்.

அந்த வெள்ளிக்கிழமைதான் உன் பள்ளி ஆட்டம். ரெண்டாவது க்வார்ட்டர், கிக்ஆஃப். நீதான் முதலில் போய்ச் சேர்ந்தாய், எப்போதும் நீதான் முதலில் போவாய். அவ்வளவு வேகமாக ஓடுகிற பையன் அந்த அணியில் வேறு யாரும் இல்லை, இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. சத்தம் மேலே மாடத்தில் இருந்த எனக்குக் கேட்டது. நீ எழுந்தாய். எழுந்து எதிரணி பெஞ்சை நோக்கி நடந்தாய். அவர்கள் பையன் ஒருவன்தான் உன் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டான்.

நான் வேலி ஓரம் இறங்கி வந்தேன். நீ என்னைப் பார்த்து, “அப்பா, யார் ஜெயிக்கிறாங்க?” என்றாய். ஸ்கோர் பலகை உன் கண் முன்னால் எரிந்துகொண்டிருந்தது.

மண்ணைத் தட்டிக்கொண்டு போடா என்று சொன்னேன். உன் தாத்தா எனக்குச் சொன்னது அது. ஆற்று மணலில் சடுகுடு ஆடி விழுந்தால் அப்படித்தான் சொல்வார். ஆனால் அது மணல். முழங்கால்தான் சிராய்க்கும். உதவிக் கோச் வந்து பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். அவர் கேட்டார், பரணி. அவர் மேல் தப்பே இல்லை. ரெண்டு நாளாய் ஜலதோஷம், அதனால்தான் கொஞ்சம் மந்தமாக இருக்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான் என்று நான்தான் சொன்னேன். உனக்கு ஜலதோஷம் இல்லை. நீ திரும்பப் போனாய். மூன்றாவது க்வார்ட்டர் கிக்ஆஃபிலும் ஓடினாய். ஒலிபெருக்கியில் நம் பேரைத் தப்பாகச் சொன்னார்கள், ஆனால் சொன்னார்கள். அந்தப் பேரை இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்றுதான் நான் உன்னை அனுப்பினேன். வேறு காரணம் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் ரெண்டு இடத்தில் காரை நிறுத்தி நீ வாந்தி எடுத்தாய். ஹாட்டாக் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மாவிடம் சொல் என்றேன். நீ அப்படியே சொன்னாய். பதினாறு வயதில் எனக்காகப் பொய் சொன்னாய். இன்று வரை அவளிடம் காட்டிக்கொடுக்கவில்லை. அடிபட்ட பையனைத் திரும்ப இறக்கக் கூடாது, டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் விடலாம் என்று நம் மாநிலத்தில் சட்டமே போட்டார்கள், அது 2012-லிருந்து. செய்தியில் அதைப் பார்த்த அன்று நீ கல்லூரிக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய். அப்போதாவது உன்னிடம் வந்து பேசியிருக்கலாம். டேப் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனேன்.

முதல் அடி ஆறும் முன்னால் ரெண்டாவது அடி விழுந்தால் ஆபத்து இன்னும் அதிகம் என்று இப்போது ராத்திரி ராத்திரியாகப் படிக்கிறேன்.

டாக்டரிடம் போ. அங்கே போக விருப்பமில்லை என்றால் இங்கே வா. சவுத் சைடில் ஸ்டீலர்ஸ் பயிற்சி எடுக்கிற இடத்தை ஒட்டியே தலையடிக்கென்று தனியாக ஒரு மருத்துவப் பிரிவு இருக்கிறது. வருஷக்கணக்கான பழைய அடியோடு வருகிறவர்களையும் பார்க்கிறார்கள் என்று சொன்னார்கள். டிக்கெட் நான் எடுக்கிறேன். தலை சுற்றும்போது காரோட்டாதே. தண்ணீர் குடி. என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், அதோடேயே வா.

இதைத் தபாலில் சேர்ப்பதற்கு முன்னால் அம்மாவிடம் சொல்லிவிடப் போகிறேன். நீ படிக்கும்போது அவளுக்கும் தெரிந்திருக்கும். அவள் ஃபோன் செய்தால் எடு. அழுவாள். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், அந்த ஹாட்டாக் விஷயத்துக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

ஞாயிறு இண்டியானாபொலிஸ் ஆட்டம். இங்கே ஒரு மணி, உனக்குப் பதினொன்று. நீ கல்லூரியில் இருந்தபோது ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டே ரெண்டு பேரும் பேசாமல் முழு ஆட்டமும் பார்ப்போமே, அந்த மாதிரி அன்றைக்குக் கூப்பிடுகிறேன். எடுத்துப் பக்கத்தில் வைத்தால் போதும். இங்கே டி.வி. சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா