வேலந்தாவளம் முதல் கொல்லங்கோடு வரை கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் பெரியவர்களுக்கும்,

மாசி வெயிலில், ஆளுக்குப் பதினைந்து கிலோ சுமையோடு வேலந்தாவளத்தில் தமிழக-கேரள எல்லை தாண்டி, கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், முதலமடை வழியாகக் கொல்லங்கோடு சேர்ந்த சைக்கிள் பயணத்தில் நீங்கள் செய்த உதவிகளுக்காக இந்த மடல். பெயர் போட்டால் சங்கடப்படுவீர்கள். அதனால் செய்த வேலையை மட்டும் சொல்கிறோம். அது ஏன் சரியான வேலை என்பதையும் சேர்த்து எழுதுகிறோம். இதே பாதையில் மிதிக்க வருகிறவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

பால் சங்கத்துக்குப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு முதல் நன்றி. சொம்பு நிறையச் சம்பாரம், அதாவது தாளிதமிட்ட நீர்மோர், கொடுத்தபோது உப்பைக் கூட்டிப் போட்டீர்கள். இந்த வெயிலில் மிதிப்பவருக்கு மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை நீர் வேண்டும். வியர்வையில் போகும் உப்பை ஈடுகட்டாமல் பச்சைத் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் என்று வரும். தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் குடித்தால் நிலைமை மோசமாகும். லிட்டருக்கு அரை டீஸ்பூன் உப்பு போதும். மோர் கிடைக்காத இடத்தில் அதே அளவு உப்போடு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, இரண்டையும் தலைதட்டிப் போட வேண்டும். பாட்டிலில் ஊற்றித் தரட்டுமா என்று கேட்டுவிட்டு, நீங்களே வேண்டாம் என்றீர்கள். அதுவும் சரிதான். சூடேறிய பாட்டிலில் மோர் பொங்கிப் புளிக்கும், மூடியும் வாயும் நாறிப்போகும். மோரை நின்ற இடத்தில் குடித்துவிட்டு, பாட்டிலில் தண்ணீரை மட்டும் கொண்டுபோக வேண்டும்.

பஞ்சர் கடை அண்ணனுக்கு எவ்வளவு சொன்னாலும் தீராது. சக்கரத்தைத் தொடும் முன்பே சைக்கிளை நிழலுக்குத் தள்ளினீர்கள். வெயிலில் கொதித்த டியூபில், பேட்ச் ஒட்டும் பசையான சொல்யூஷன் மேலே ஆடை கட்டி, அடியில் ஈரமாகவே நின்றுவிடும். அதன்மேல் ஒட்டிய பேட்ச் சில கிலோமீட்டரில் ஓரம் கிளம்பும். உப்புத்தாளால் பளபளப்புப் போகத் தேய்த்து, மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுமையாக இருந்தீர்கள். பிறகு டயரின் உட்புறத்தைப் பழந்துணியால் சுற்றித் துடைத்தீர்கள். துணி மாட்டிய இடத்தில் சீமைக்கருவேல முள்ளின் நுனி இருந்தது. முள்ளை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டி மாட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. பத்து நிமிடத்தில் அதே இடம் மறுபடி பஞ்சராகும்.

பின்டயரின் பக்கச்சுவரில் இருந்த கிழிசலுக்கு நீங்கள் செய்தது இன்னும் பெரிய வேலை. பழைய சைக்கிள் டயரில் இரண்டு விரல் அகலத் துண்டு வெட்டி, ஓரங்களைக் கத்தியால் சீவி மெலிதாக்கி உள்ளே வைத்தீர்கள். ஓரம் தடியாக இருந்தால் டியூபை அறுத்துவிடும். வெயில் ஏறினால் டயர் தானே வெடிக்கும் என்று பலர் காற்றை இறக்கிவிடுகிறார்கள். காலையில் டயரின் காற்றழுத்தம் 60 பி.எஸ்.ஐ. இருந்தால், இருபது இருபத்தைந்து டிகிரி சூடு கூடும்போது ஏறுவது ஆறு பி.எஸ்.ஐ. அளவுதான். நல்ல டயர் அதைத் தாங்கும். வெடிப்பது இப்படிக் கிழிந்த டயர்தான். காற்றை இறக்கிவிட்டுச் சுமையோடு குழியில் இறங்கினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல இரட்டை ஓட்டை விழும். கம்ப்ரஸர் இருந்தும் கைப்பம்பால் அடித்ததற்குத் தனி நன்றி. லாரி டயருக்கான வேகத்தில் காற்று விட்டால், சைக்கிளின் சின்ன டியூப் நொடியில் அளவு மீறிவிடும்.

புளியமரத்தடியில் உட்காரவைத்த ஐயாவுக்கு: பாலக்காட்டுக் கணவாய் வழியாக இந்த மாதங்களில் கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்றைச் சொல்லி, "காத்து முதுகுல தள்ளுதுன்னு சந்தோசப்படாதீங்க" என்றீர்கள். மேற்கே போகிறவரின் வேகமும் காற்றின் வேகமும் ஒன்றாகிவிட்டால் உடம்பில் காற்றே படாது. வியர்வை காயாது, சூடு உள்ளேயே தங்கும். எதிர்காற்றில் களைப்புதான், முதுகுக்காற்றில்தான் ஆபத்து. பதினொன்று முதல் மூன்றரை வரை கயிற்றுக்கட்டில் போட்டுக் கொடுத்து, துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைக்கச் சொன்னீர்கள். ஒருவர் பேச்சில் குழறினாலோ, நேராக நிற்க முடியாமல் போனாலோ, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்க வேண்டும். அந்த நிலையில் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மாடு மேய்க்கும் அக்காமார் கயிற்றை உயர்த்திக் காட்டி எங்களை நிறுத்தினீர்கள். மாடு சாலைக்கு அந்தப் பக்கமும் ஆள் இந்தப் பக்கமும் இருந்தால், நடுவில் கயிறு இருக்கும் என்று எண்ணித்தான் வர வேண்டும். மண் நிறக் கயிறு உச்சிவெயிலில் கண்ணுக்குத் தெரிவதில்லை. மாட்டின் பின்னால் மணி அடித்தால் மிரளும். தூரத்திலிருந்தே குரல் கொடுத்து, நீங்கள் கை காட்டிய பிறகு, மாட்டின் பின்புறமாகப் போவதே முறை.

முதலமடை மாந்தோப்பில், சைக்கிள்கள் கடக்கும்வரை மருந்தடிக்கும் மெஷினை நிறுத்திவைத்த தம்பிகளுக்கும் நன்றி. தோப்பு ஓரத்து வாய்க்காலில் துண்டை நனைக்கப் போனவரை, மருந்து கலந்திருக்கலாம் என்று தடுத்து, குடத்துத் தண்ணீர் கொடுத்தீர்கள்.

பஞ்சர் கடை அண்ணனுக்கு இன்னும் ஒன்று. உங்கள் மேசை டிராயரில் இரண்டு பித்தளை அடாப்டர் வைத்திருக்கிறோம். பிரெஸ்டா என்ற மெல்லிய வகை காற்று வால்வு உள்ள சைக்கிள் வந்தால், நுனியில் உள்ள குட்டி நட்டை இடப்பக்கம் திருகித் தளர்த்தி, ஒருமுறை அழுத்திக் காற்று 'ஸ்ஸ்' என்று வருகிறதா பார்த்துவிட்டு, அடாப்டரை மாட்டுங்கள். பைக்குக்கு அடிக்கும் பம்பே அதற்குப் போதும். அடித்து முடித்ததும் அந்த நட்டை மறக்காமல் இறுக்கிவிடுங்கள்.