பொருள் எண் 41

ஏய் கோமு,

போன தீபாவளிக்கு "நாளைக்கு கூப்பிடுறேன்டி"ன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டேன், அந்த நாளை இன்னும் வரல, அதுக்குள்ள இந்த தீபாவளியும் போய் மார்கழி பொறந்தாச்சு. திட்டணும்னா இப்பவே திட்டி முடிச்சுட்டு அப்பறம் படி, நடுவுல நிறுத்தி திட்டாத. அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா? ஓசூர் குளிர் ஒத்துக்குதா? இங்க எல்லாரும் சௌக்கியம். எங்க வீட்டுக்காரர இப்பவும் ஊர்ல "கவுன்சிலர் சார்"னுதான் கூப்பிடுறாங்க, அவரும் திரும்பிப் பாக்குறாரு. 2022 பிப்ரவரில ஜெயிச்சவ நானு, எனக்கு போன் பண்ணி "சார் இருக்காங்களா"ம்பானுங்க. "கவுன்சிலர்தான் பேசுறேன், சார் துணி காயப் போட்டுட்டு இருக்காரு"ன்னு சொல்லிடுவேன். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே வராது.

சரி விஷயத்துக்கு வரேன். நேத்து நகரமன்றக் கூட்டம். அதுல நான் ஜெயிச்சேனா தோத்தேனான்னு எனக்கே தெரியல, அதான் ராத்திரி பதினோரு மணிக்கு உக்காந்து உனக்கு டைப் பண்ணிட்டிருக்கேன். இவர்கிட்ட சொன்னா "அதான் பாஸ் ஆயிடுச்சுல்ல, படு"ன்னுட்டு போர்வைய இழுத்துக்கறாரு.

சந்தைப்பேட்டைல பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ். அவ்ளோதான்டி மேட்டர். நாலு வருஷமா கேக்குறேன். முதல் ரெண்டு வருஷம் நான் ஒரு லூசு, கூட்டத்துல எந்திரிச்சு நின்னு பேசினா நடக்கும்னு நெனச்சேன். நம்ம காலேஜ் பட்டிமன்ற புத்தி. கைதட்டல் கூட வந்துச்சு, மறுநாள் பேப்பர்ல உள்ளூர் பக்கத்துல மூணு வரி வந்துச்சு, இவரு அத கட் பண்ணி பீரோல ஒட்டி வச்சாரு. அப்பறம் பாத்தா தீர்மான புக்ல அதப்பத்தி ஒரு எழுத்து இல்ல.

நகராட்சி ஆபீஸ்ல கூட்ட வேலைய பாக்குற மன்றப் பிரிவுல ஒரு அம்மா இருக்காங்க, ரிட்டயர் ஆக கொஞ்ச நாள்தான் இருக்கு, கண்ணாடிய மூக்கு நுனில வச்சுட்டு பாப்பாங்க, நம்ம ஹாஸ்டல் வார்டன் மாதிரியே. அவங்கதான் ஒரு நாள் பாவம் பாத்து சொன்னாங்க. "மேடம், நீங்க பேசுறது காத்தோட போயிடும். அஜெண்டால நம்பர் போட்ட பொருளா வரணும். பொருள்ல இல்லாதது இந்த ஊர்லயே இல்லாத மாதிரி."

கோமு, நான் எம்.ஏ. படிச்சவ, பொலிட்டிகல் சயின்ஸ். நகராட்சிங்களுக்கான 74வது அரசியல் சட்டத் திருத்தம், பன்னெண்டாவது அட்டவணை, அதுல பதினெட்டு பொறுப்பு, எல்லாம் மனப்பாடம் பண்ணி பரிச்சை எழுதினவ. இந்த ஒரு வரிய எனக்கு எவனும் சொல்லித் தரல.

ஒரு பொருள் எப்படி பொறக்குதுன்னு சொல்றேன் கேளு, பிரசவம் தோத்துது. மொதல்ல யாராவது மனு குடுக்கணும், இல்ல கவுன்சிலர் எழுதிக் குடுக்கணும். அது பொறியியல் பிரிவுக்கு போகும், அங்க அசிஸ்டென்ட் இஞ்சினியர் வந்து இடத்த பாத்து எஸ்டிமேட் போடணும். இடம் யாருதுன்னு சர்வேயர் சொல்லணும். எந்த நிதில செய்யறதுன்னு அக்கவுண்ட்ஸ்ல சொல்லணும். அப்பறம் அலுவலகக் குறிப்புன்னு ஒண்ணு எழுதுவாங்க, ஆணையர் பாப்பாரு, தலைவர் பாத்து சரின்னா அஜெண்டால ஏறும். இதுல எங்க வேணா ஃபைல் தூங்கலாம், எழுப்ப நீ போகணும். என் ஃபைல் சர்வேயர் மேசைல மட்டும் ஏழு மாசம் தூங்குச்சு. நான் போறப்பெல்லாம் அவரு ஃபீல்டுல இருப்பாரு, ஃபீல்டுக்கு போனா ஆபீஸ்ல இருப்பாரு.

அஜெண்டாவே கூட்டத்துக்கு முந்தி ராத்திரிதான் வீட்டுக்கு வரும், அம்பது அறுபது பொருள் இருக்கும். அதுல பாதிக்கு மேல ஏற்கனவே முடிஞ்ச கதை. மோட்டார் ரிப்பேர், பிளீச்சிங் பவுடர் வாங்கினது, லாரி டயர், எல்லாம் தலைவர் முன் அனுமதில நடந்து முடிஞ்சு நம்மகிட்ட பின்னேற்புக்கு வரும். கல்யாணம் ஆகி புள்ள பொறந்தப்பறம் பத்திரிகை வைக்கிற மாதிரி. கொஞ்சம் மேல இருந்து அரசாணையா வர்றது, அதுல நாம வேணாம்னு சொன்னா என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாது, ஏன்னா யாரும் சொன்னதில்ல. நாங்க பதவி ஏத்தது 2022 மார்ச் 2. சரியா ஒரு மாசம், ஏப்ரல் 1 ராத்திரி சொத்து வரி உயர்வு அறிவிப்பு வருது. எங்க மாதிரி நகராட்சில 600 சதுர அடிக்குள்ள இருந்தா 25 சதவீதம், 1800க்கு மேல போனா நேரா 100 சதவீதம். வீடு வீடா போய் கைய எடுத்து கும்புட்டு ஓட்டு வாங்கின ஈரம் கூட காயல, நாங்க போட்ட முதல் பெரிய தீர்மானம் அதான். கேட்டா மத்திய அரசு மானியத்த பிரிச்சு சொல்ற 15வது நிதிக்குழு கண்டிஷன், வரி ஏத்தலன்னா மானியம் வராதுன்னாங்க. அது உண்மைதான், நான் படிச்சு பாத்தேன். ஆனா மீன்காரக்கா என்னை நடுத்தெருவுல நிக்க வச்சு கேட்டப்ப நிதிக்குழு வந்து பதில் சொல்லல, நான்தான் முழிச்சேன்.

மீதி இருக்கிற கொஞ்சம் பொருள்தான் நெஜமா நாங்க முடிவு பண்றது. அதையும் கூட்டத்துக்கு முதல் நாள் ஒரு மண்டபத்துல பஜ்ஜி காபியோட முடிச்சுடுவாங்க. எந்த வார்டுக்கு எத்தனை லட்சம், யாருக்கு மழைநீர் வடிகால், யாருக்கு பேவர் பிளாக். நான் சுயேச்சை, எனக்கு பஜ்ஜியும் இல்ல காபியும் இல்ல. எனக்கு பக்கத்து சீட்டு எதிர்க்கட்சிக்காரரு ஒருத்தரு, மாசம் 5,000 மதிப்பூதியம் வாங்குற அன்னிக்கு மட்டும் வெளிநடப்பு பண்ண மாட்டாரு. இத அவர்கிட்டயே சொன்னேன், சிரிச்சாரு, நல்ல மனுஷன்தான்.

இந்த மண்டபத்து கூட்டத்த நான் முன்னாடி ரொம்ப திட்டுவேன். இப்ப கொஞ்சம் மாறிட்டேன்டி, என்ன பண்ண. எல்லா வார்டுக்கும் எல்லாம் குடுக்க காசு கிடையாது, எங்கயாவது உக்காந்து யாராவது எது முதல்லன்னு சொல்லித்தான் ஆகணும். அத மண்டபத்துல உக்காந்து சொல்றாங்களேன்னுதான் என் கோவம். 2022 நவம்பர் 1ல இருந்து பகுதி சபைன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்கல்ல, கிராமசபை மாதிரி டவுனுக்கும். என் வார்டுல நான் விடாம நடத்துறேன், முப்பது பேரு வருவாங்க, அதுல பத்து பேரு தெருநாய், பத்து பேரு சாக்கடை, மிச்சம் பத்து பேரு டீக்கு வந்தவங்க. ஆனா அங்க எழுதின லிஸ்ட்டும் அஜெண்டாவும் எங்கயும் சந்திச்சுக்கறதே இல்ல, சம்பந்தி வீட்டுச் சண்டை மாதிரி.

சரி, கக்கூஸுக்கு வரேன். இந்த வருஷம் நான் ஒரு வேலை பண்ணேன். பேசறத நிறுத்திட்டேன். 15வது நிதிக்குழு மானியத்துல எங்கள மாதிரி சின்ன ஊருக்கு வர்ற காசுல நூத்துக்கு 60 தண்ணிக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவு பண்ணணும், வேற எதுக்கும் எடுக்க முடியாது, அதுவும் வர்ற 2026 மார்ச்சோட அந்த அஞ்சு வருஷக் கணக்கு முடியுது. இத எழுதி இஞ்சினியர் மேசைல வச்சேன். "நிதி இல்லை"ன்னு சொல்ற வாய் அதோட மூடிடுச்சு. மேல சட்டசபை எலக்‌ஷன் வேற வருது, தேதி அறிவிச்சு நடத்தை விதி வந்துட்டா புது வேலை ஒண்ணும் தொடங்க முடியாது, அதனால டிசம்பர் ஜனவரிக்குள்ள எத தள்ள முடியுமோ அத தள்ளுறதுன்னு எல்லாருக்கும் ஒரு அவசரம், அந்த அவசரத்துல என் ஃபைலும் நகர்ந்துச்சு. ஆபீஸ்ல பாதி பேரு வாக்காளர் பட்டியல் வேலைக்கு அலைஞ்சுட்டு இருந்த நேரம், மன்றப் பிரிவு அம்மா தானே உக்காந்து டைப் பண்ணி ஏத்துனாங்க. பொருள் எண் 41. அஜெண்டால அத பாத்தப்ப எனக்கு நம்ம டிகிரி ரிசல்ட் போர்டுல நம்பர் தேடின ஞாபகம் வந்துச்சு.

நேத்து மூணு பக்கம் எழுதி எடுத்துட்டு போனேன். 1920 செப்டம்பர்ல மெட்ராஸ் கார்ப்பரேஷன்ல தியாகராயர் தலைவரா இருந்தப்ப ஆயிரம் விளக்கு ஸ்கூல் புள்ளைங்களுக்கு மதியம் சாப்பாடு போட ஒரு தீர்மானம் போட்டாங்கள்ல, அத வச்சுதான் ஆரம்பிச்சிருந்தேன். அதுல ஒரு புள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல போகக்கூடாதுன்னு எழுதியிருந்தாங்களாம். ஒரே ஒரு கவுன்சில், ஒரு பொருள், அணா கணக்கு. பின்னாடி வந்த சத்துணவு, இப்ப 2022ல இருந்து காலைச் சாப்பாடு, எல்லாரும் பேசும்போது அங்க இருந்துதான் தொடங்குறாங்க. நானும் அந்த மாதிரி கம்பீரமா ஒரு எடுப்பு எடுக்கலாம்னு இருந்தேன்.

கூட்டம் ஆரம்பிச்சு பொருள் 6ல குப்பை டெண்டர். ரெண்டு பேரு கத்துனாங்க, ஒருத்தரு அஜெண்டாவ கிழிச்சாரு, எதிர்க்கட்சி வெளிநடப்பு, தலைவரு மைக்க பிடிச்சு "ஏழுல இருந்து அம்பத்தெட்டு வரைக்கும்"னு சொன்னாரு, ஆளுங்கட்சி மொத்தமும் மேசைய தட்டுச்சு, "ஆல் பாஸ்", அவ்ளோதான். தேசிய கீதம். நான் மூணு பக்கத்த கைல வச்சுட்டு அட்டென்ஷன்ல நிக்குறேன். என் நாலு வருஷம் நாலு செகண்டுல பாஸ் ஆயிடுச்சு கோமு.

சந்தோஷமாத்தான் வீட்டுக்கு வந்தேன். கேசரி பண்ணேன். ராத்திரி சும்மா இன்னொரு தரம் படிக்கலாம்னு அஜெண்டாவ எடுத்தேன்.

"வாரச்சந்தை வளாகத்தில் நவீன கட்டணக் கழிப்பிடம்."

கட்டணம். அந்த வார்த்தை முந்தாநாள் ராத்திரியும் அங்கதான் இருந்துச்சு. நான் 41ங்கற நம்பர பாத்துட்டு, சந்தைங்கற வார்த்தைய பாத்துட்டு, மிச்சத்த கண்ணு தாண்டி போயிருக்கு. அணா கணக்கு பத்தி மூணு பக்கம் எழுதினவ தன் தீர்மானத்துல ஒரு வார்த்தைய படிக்கல. வருகைப் பதிவேட்டுல கையெழுத்து வேற போட்டிருக்கேன். நாளைக்கு அஞ்சு ரூபாயோ பத்து ரூபாயோ வாங்கினா அதுக்கு நானும் சம்மதிச்ச மாதிரிதான்.

நீ சொல்லலாம், அஞ்சு ரூபா பெருசான்னு. உனக்குத்தான்டி அது நல்லா தெரியும். அம்மா சந்தை அன்னிக்கு தண்ணி குடிக்க மாட்டாங்கல்ல. கீரைக்கு தெளிக்க குடத்துல தண்ணி பக்கத்துலயே இருக்கும், வாயில ஒரு சொட்டு விட மாட்டாங்க. நாம காலேஜ் விட்டு போனா நமக்கு கலர் வாங்கி குடுப்பாங்க, "நீங்க குடிங்கம்மா"ன்னு நான் நீட்டினா "எனக்கு ஒத்துக்காது கண்ணு"ம்பாங்க. நான் அத நம்பிட்டு இருந்தேன். கவுன்சிலர் ஆகி சந்தைல கடை கடையா போய் கேட்டப்பதான், ஒரு அக்கா சிரிச்சுட்டே சொல்லுச்சு, "குடிச்சா போவணுமே". எனக்கு அன்னிக்கு உங்கம்மா ஞாபகம்தான். உன்கிட்ட சொல்லணும்னு அப்பவே நெனச்சேன், சொல்லல, எப்படி சொல்றதுன்னு தெரியல. கட்டுக்கீரை என்ன விலைக்கு வித்து என்ன மிஞ்சும்னு தெரிஞ்சவங்க ஒரு நாளைக்கு மூணு தரம் காசு குடுத்து போக மாட்டாங்க. திரும்பவும் தண்ணி குடிக்காமத்தான் உக்காருவாங்க, பக்கத்துல டைல்ஸ் போட்ட கட்டடம் பளபளன்னு நிக்கும், அதுல என் பேரு கல்வெட்டுல இருக்கும்.

இன்னிக்கு காலைல இஞ்சினியர்கிட்ட சண்டைக்கு போனேன். அவரு ஒண்ணும் கெட்டவரு இல்ல. "கட்டறதுக்கு மானியம் இருக்கு மேடம், கழுவறதுக்கு ஆளுக்கு யாரு சம்பளம் குடுக்கறது, கட்டணம் இல்லாம விட்ட கழிப்பிடம் எல்லாம் எப்படி கெடக்குதுன்னு பஸ் ஸ்டாண்டுல போய் பாருங்க"ன்னாரு. பாத்திருக்கேன். அவரு சொல்றதுல நியாயம் இருக்கு, அதான் எனக்கு கடுப்பு.

திரும்பி வரும்போது படிக்கட்டுல ஒண்ணு தோணுச்சு. சந்தை குத்தகை வருஷா வருஷம் ஏலம் விடுறாங்கல்ல, ஏப்ரல் 1ல இருந்து புது குத்தகை. ஒவ்வொரு கடைக்கும் சுங்கம் வசூல் பண்றது அந்த குத்தகைதாரர்தான். ஏல நிபந்தனைலயே கழிப்பிடத்த குத்தகைதாரர்தான் கழுவி வச்சுக்கணும், கடை போடுற பொம்பளைங்ககிட்ட காசு வாங்கக் கூடாதுன்னு ஒரு வரி சேத்துட்டா? ஏலத் தொகை கொஞ்சம் இறங்கும்தான். எவ்ளோ இறங்கும்னு நான் கணக்கோட போகணும், இல்லாட்டி "வருவாய் இழப்பு"ன்னு ஒரே வார்த்தைல மூடிடுவாங்க. மன்றப் பிரிவு அம்மாகிட்ட கேட்டேன், கண்ணாடிக்கு மேல பாத்து, "ஏல அறிவிப்பு போறதுக்கு முன்னாடி கூட்டத்துல பொருளா வரணும் மேடம், பத்து தேதிக்குள்ள எழுதிக் குடுங்க, இந்த தடவை நானே வார்த்தைய படிச்சுக் காட்டுறேன்"னாங்க. மானம் போச்சு.

அதனால ரெண்டு வேலை உனக்கு. நீ பேங்க்ல இத்தனை வருஷம் குப்பை கொட்டுறதுக்கு ஒரு உபயோகம் வரட்டும். சந்தை கடைக் கணக்கு, சுங்கம், ரெண்டு ஆள் கூலி, தண்ணி, பினாயில் எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி போட்டோ எடுத்து அனுப்புறேன், வருஷத்துக்கு எவ்ளோ ஆகும்னு ஒழுங்கா ஒரு பக்கத்துல போட்டுக் குடு. என் கணக்கு உனக்கு தெரியும், மெஸ் பில்லுல நான் பண்ணினத நீ இன்னும் மறக்கல.

ரெண்டாவது, அம்மாகிட்ட உக்காந்து கேளு. சந்தை அன்னிக்கு வீட்ட விட்டு எத்தனை மணிக்கு கிளம்புவாங்க, திரும்பி எத்தனை மணிக்கு வருவாங்க, நடுவுல என்ன பண்ணுவாங்கன்னு. மெதுவா கேளு, என் பேர சொல்லி கேளு, எனக்குன்னா சொல்லுவாங்க. பேரு ஊரு எதுவும் போட மாட்டேன், "ஒரு கீரை வியாபாரி"ன்னு மட்டும் குறிப்புல எழுதிக்கறேன். அவங்க வேணாம்னு சொன்னா விட்டுடு.

பத்து தேதிக்குள்ள. உன் "நாளைக்கு" என் "நாளைக்கு" மாதிரி இருக்கக் கூடாது. கேசரி மிச்சம் இருக்கு, காலைல இவருக்கு குடுத்து தீத்துடுறேன், இல்லாட்டி என் சுகர் ஏறிடும்.

உன்
பட்டிமன்றம்