பேட்டரியை மாற்றும் முன் மின்சுற்றைச் சோதியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீலகிரிப் பள்ளிகளின் அறிவியல் கண்காட்சிகளில் மின்சுற்று மாதிரிகளுக்குக் குறைவில்லை. ஆனால் மழைக்காலத்தில் அவற்றில் பல எரிவதில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று புதிது வாங்கி மாட்டுகிறார்கள், அப்போதும் எரியாது. இரண்டு பருவமழையும் பெய்யும் மலையில் பல்ப் ஹோல்டரின் பித்தளையில் களிம்பு ஏறும், பேட்டரிப் பெட்டியின் ஸ்பிரிங் துருப்பிடிக்கும். அந்த மெல்லிய படலமே மின்னோட்டத்தைத் தடுக்கப் போதும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஒயர் நுனியில் ஒரு சென்டிமீட்டர் உறை நீக்கி, இழைகளை முறுக்கி இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கோளாறு எங்கே என்று ஊகிக்கவும் வேண்டாம். மல்டிமீட்டரை (வோல்ட், ஓம் போன்றவற்றை அளக்கும் கருவி) டி.சி. (நேர்மின்னோட்டம்) 20 வோல்ட்டில் வைத்து, சுவிட்சைப் போட்டபடியே ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் மீட்டரின் முனைகளை வைக்க வேண்டும். நல்ல இணைப்பில் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். இரண்டு பேட்டரிகளின் 3 வோல்ட்டும் எந்த இடத்தில் தெரிகிறதோ அங்கேதான் சுற்று அறுந்திருக்கிறது. பல்பின் இரு முனைகளிலேயே 3 வோல்ட் இருந்தும் எரியவில்லை என்றால் பல்ப் ஃபியூஸ். இதை ஒருமுறை கையால் செய்த பிள்ளைக்கு 'மூடிய சுற்று', 'திறந்த சுற்று' என்று மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

அடுத்து எல்.இ.டி. 9 வோல்ட் பேட்டரியில் நேரடியாக மாட்டி, நொடியில் கருக்கிவிடுவது வாடிக்கையாகிவிட்டது. சிவப்பு எல்.இ.டி.க்குச் சுமார் 2 வோல்ட் போதும். 20 மில்லி ஆம்பியருக்கு மேல் தரக்கூடாது. மிச்சம் 7 வோல்ட்டை, எல்.இ.டி.யோடு தொடராக மாட்டும் ரெசிஸ்டர் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்தடை) ஏற்க வேண்டும். 470 ஓம் போட்டால் சுமார் 15 மில்லி ஆம்பியர் ஓடும், நன்றாகவே எரியும். நீளமான கால் பிளஸ் பக்கம். பக்க இணைப்பில் நான்கு எல்.இ.டி. என்றால் நான்கு ரெசிஸ்டர். நான்குக்கும் பொதுவாக ஒன்று வைத்தால் மின்னோட்டம் சமமாகப் பிரியாது.

டார்ச் பல்ப் இன்னொரு குழப்பம் தரும். 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் பல்புக்கு ஓம் விதிப்படி (வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால்) தடை 8 ஓமுக்குச் சற்று மேல் வர வேண்டும். கழற்றி அளந்தால் அதில் சிறு பங்குதான் காட்டும். மீட்டர் பழுதில்லை, இழை சூடேறும்போது அதன் தடை பல மடங்கு கூடுகிறது. இதை ஆசிரியர்கள் தவறாமல் செய்து காட்ட வேண்டும்.

எச்சரிக்கை ஒன்று: வீட்டு 230 வோல்ட் இணைப்பும், பழைய செல்போனின் லித்தியம் பேட்டரியும் மாணவர் கைக்கே போகக்கூடாது. ஷார்ட் ஆனால் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும்.

1932 முதல் பைக்காரா தண்ணீரில் மின்சாரம் எடுக்கும் மாவட்டம் இது. இங்கே படிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு பல்ப் ஏன் எரியவில்லை என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டாமா? கடையில் வாங்கிய மாதிரிக்குப் பரிசு தருவதை நிறுத்துங்கள். நடுவர் ஏதாவதொரு ஒயரைக் கழற்றிவிடட்டும். கண்டுபிடித்து எரியவைக்கும் மாணவருக்கு மதிப்பெண் கொடுங்கள். இந்த ஆண்டுக் கண்காட்சியிலேயே இதைத் தொடங்குமாறு கல்வித்துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்கள் சிலர்,
கோத்தகிரி.