ஈரல் சாப்பிடு என்று இம்முறை எழுதவில்லை

அஸ்தம்பட்டி,
சேலம்.

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன் நலத்தையும் மாப்பிள்ளையின் நலத்தையும் அறிய ஆவல்.

போனில் உன் உடம்பைப் பற்றி ஆரம்பித்தால் "சரிம்மா, அப்புறம் பேசுகிறேன்" என்று வைத்துவிடுகிறாய். தாளில் எழுதியதை நீ பாதியில் விட மாட்டாய். கடலை மடித்து வந்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படித்த பிள்ளை நீ. அதனால்தான் கடிதம்.

ஆடித் திருவிழாவுக்கு நீ வரவில்லை. பெங்களூருக்கும் சேலத்துக்கும் நடுவே நாலு மணி நேரப் பயணம். கோட்டை மாரியம்மன் கோயில் வாசலில் பார்த்தவர்கள் எல்லோரும் உன்னைத்தான் கேட்டார்கள். வேலை அதிகம் என்று சொன்னேன். பதவி உயர்வு கிடைத்ததையும் சேர்த்துச் சொன்னேன். உன் சித்தி அதைக் கேட்டுவிட்டு, "நம் வீட்டில் இப்படி ஒரு பெண் வந்ததே இல்லை" என்றாள். எனக்கும் பெருமைதான். ஆனாலும் ஒரு நாள் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

வைகாசியில் வந்தபோது உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாய். கேட்டதற்குச் செருப்பு சரியில்லை என்றாய். மல்கோவாவைப் பாதியில் வைத்துவிட்டு நாக்கு எரிகிறது என்றாய். மல்கோவாவைப் பாதியில் வைக்கிற பெண்ணா நீ? நீ வாயைத் திறந்து பேசும்போதெல்லாம் நாக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வழவழவென்று சிவந்திருந்தது. ஏற்காட்டு மலைக் கிராமங்களில் நாகலூர், வெள்ளக்கடை என்று காப்பித் தோட்டங்களுக்குள்ளே நடந்து நடந்து பெண்களின் கண்ணிமையையும் நாக்கையும் பார்த்தே செவிலியராக வேலைக்காலம் முழுவதும் கழித்தவள் நான். பெற்ற மகளின் நாக்கு மட்டும் என் கண்ணுக்குத் தப்புமா?

வைட்டமின் பி12 பரிசோதனை செய்துகொள். இதுதான் விஷயம். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நீ கறியை விட்டதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நீ வளர்த்த ஆடு கருப்பன் போன நாளிலிருந்தே உனக்குக் கறி தொண்டையில் இறங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்போது அம்மாயிதான் "நாலு நாளில் சரியாகிவிடும்" என்றார். நான் அப்போதே நம்பவில்லை. முட்டையை விட்டாய், பிறகு பாலையும் தயிரையும் விட்டாய். பாலையும் விட்டதுதான் எனக்குக் கவலை. உன் மாமியார் பிறந்ததிலிருந்து சைவம்தான். ஆனால் அவருக்குக் காலையில் பால், மதியம் தயிர், இரவில் மோர் என்று ஏதோ ஒரு வழியில் பி12 உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. உனக்கு எந்த வழியும் இல்லை.

நம் உடம்பு அதைக் குதிரில் நெல் கொட்டி வைப்பதுபோல ஈரலில் சேர்த்து வைத்துக்கொள்ளும். வரத்து நின்றாலும் சில வருடங்களுக்குத் தாங்கும். அதனால்தான் முதல் இரண்டு வருடம் உனக்கு ஒன்றும் தெரியவில்லை. "பார்த்தாயா அம்மா, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று சொன்னாய். இப்போது நாலாவது வருடம் நடக்கிறது.

கீரை சாப்பிடுகிறேன் என்பாய். சாப்பிடு, நல்லது. முருங்கைக்கீரையும் கேழ்வரகும் எள்ளும் நம் மண்ணின் சாப்பாடுதான். மலையில் வீடு வீடாகப் போய் நானே சொன்னதுதான். ஆனால் எந்தக் கீரையிலும், எந்தப் பருப்பிலும், எந்தச் சிறுதானியத்திலும் நம்பத்தகுந்த அளவில் பி12 கிடையாது. பழைய சோற்றில் இருக்கிறது என்று செய்தி சுற்றுகிறது, அதை நம்பி இருந்துவிடாதே. மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த அந்தப் பச்சைச் சுருள்பாசி (ஸ்பைருலினா) பொடியையும் நம்பாதே. அதில் இருப்பது பெரும்பாலும் போலி வகை, நம் உடம்புக்குப் பயன்படாதது. மாப்பிள்ளை அக்கறையோடுதான் வாங்கியிருப்பார். என் பேரைச் சொல்லி அவரிடம் எதுவும் பேசிவிடாதே.

பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குப் பாடம் நடத்திய அம்மையார் சொன்ன ஒரு கதையை உனக்குச் சொல்கிறேன். 1926இல் அமெரிக்காவில் மைனாட், மர்பி என்று இரண்டு மருத்துவர்கள், சாகும் நிலையில் இருந்த ஒருவகை இரத்தசோகை நோயாளிகளுக்குத் தினமும் நிறைய ஈரலைச் சாப்பிடக் கொடுத்தார்கள். அதுவரை அந்த நோய்க்கு மருந்தே இல்லை. ஈரல் தின்றவர்கள் எழுந்து நடந்தார்கள். நாய்களை வைத்து முதலில் ஈரலின் பலனைக் காட்டிய விப்பிளுக்கும் சேர்த்து 1934இல் நோபல் பரிசு கிடைத்தது. ஈரலுக்குள் இருந்து வேலை செய்தது பி12 என்று 1948இல்தான் பிரித்தெடுத்துப் பார்த்தார்கள்.

அதே காலத்தில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். நூற்பாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளுக்கு வந்த இரத்தசோகையை ஆராய்ந்தார். சுத்திகரித்த ஈரல் சாறு அந்தப் பெண்களுக்குப் பலிக்கவில்லை. ஈஸ்ட்டிலிருந்து செய்த மார்மைட் பலித்தது. அவர்களுக்குக் குறைந்திருந்தது வேறொன்று. பத்து வருடம் கழித்து, 1941இல், அதைப் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஃபோலிக் அமிலம். அம்மாபேட்டைத் தறிக்காரக் குடும்பத்திலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்த எனக்கு, ஆலைப் பெண்களுக்காக ஒருத்தி கடல் தாண்டி வந்தாள் என்ற செய்தி அன்றைக்கு மனதில் தைத்துவிட்டது.

இரண்டு குறையும் இரத்தத்தைப் பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் நரம்பைப் பிடிப்பது பி12 குறை. இங்கேதான் நீ கவனமாகப் படிக்க வேண்டும், கண்ணு. பி12 குறைவாக இருப்பவர் ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் இரத்தம் தேறிவிடும். ஹீமோகுளோபின் ஏறும், ரிப்போர்ட் அழகாக வரும். உள்ளே நரம்பு பாட்டுக்குக் கெட்டுக்கொண்டிருக்கும். உள்ளங்கால் மரத்துப்போவது, நடையில் தடுமாற்றம், மறதி என்று போய்க்கொண்டே இருக்கும். காலம் கடத்தினால் முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.

வைகாசியில் உன் கைப்பையில் சார்ஜர் எடுக்கச் சொன்னாய் அல்லவா? அப்போது ஒரு மாத்திரை அட்டை கண்ணில் பட்டது. சின்ன மஞ்சள் மாத்திரை. நான் எத்தனை ஆயிரம் அட்டைகளை என் கையால் கொடுத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். எதற்கு என்று கேட்க மாட்டேன். அப்பாவிடமும் சொல்லவில்லை. அதை நிறுத்தாதே, ஒரு நாளும் விடாதே. அது மிக மிக நல்லது, முன்கூட்டியே ஆரம்பித்ததும் நல்லது. பி12 பார்க்காமல் அது ஒன்றை மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருக்காதே என்றுதான் சொல்கிறேன்.

போன தை மாதத்தைப் பற்றி நாம் இருவரும் பேசவில்லை. பேச வேண்டாம். நீ பேசும்போது பேசலாம்.

இந்தக் கடிதத்தில் ஈரல் சாப்பிடு என்று நான் எழுதாதது உனக்கே வியப்பாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைக்குப் போய், எடை போடும் முன்பே "ஈரலும் சுவரொட்டியும் என் பேத்திக்கு" என்று அம்மாயி எடுத்து வைக்கச் சொல்வார். சுவரொட்டியைத் தணலில் சுட்டு, ஏற்காட்டு மிளகும் உப்பும் தூவி, உனக்கு ஊட்டிவிடுவார். நீ பெரியவளான மாதம் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. அம்மாயிக்கு எழுத்து தெரியாது. ஆனால் செம்மறியாட்டு ஈரலில் நூறு கிராமுக்கு ஏழெட்டு மில்லிகிராம் இரும்பு என்றால், மண்ணீரலான சுவரொட்டியில் நாற்பதுக்கும் மேல். அதுவும் உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும் வகை இரும்பு. யார் சொல்லிக் கொடுத்தார்கள் அவருக்கு? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஈரலை ஆண்களுக்கும் வெறும் குழம்பைப் பெண்களுக்கும் ஊற்றிய வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நம் வீட்டில் அம்மாயி அதை நடக்க விடவில்லை.

இருந்தாலும் இப்போது உனக்கு ஈரல் வேண்டாம். நீ மனம் மாறிச் சாப்பிடுகிறேன் என்று சொன்னாலும் வேண்டாம். ஈரலில் வைட்டமின் ஏ நேரடியாக, மிக அதிகமாக இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளுக்கு 3,000 மைக்ரோகிராம்தான் உச்ச வரம்பு. செம்மறியாட்டு ஈரல் நூறு கிராம் சாப்பிட்டாலே அதைத் தாண்டிவிடும். சில சமயங்களில் அது ஆகாது. எந்தச் சமயத்தில் என்று நான் எழுத வேண்டியதில்லை. கேரட், பப்பாளிப்பழம், கீரையில் இருப்பதை உடம்பு தனக்கு வேண்டிய அளவுக்குத்தான் மாற்றிக்கொள்ளும், அதில் பயமில்லை. இந்த ஒரு விஷயத்தில் உன் சாப்பாடுதான் எங்கள் சாப்பாட்டைவிடப் பத்திரம். சித்தி தொலைபேசியில் "அவளுக்கு ஈரல் செய்து கொடுங்கள் அக்கா, முகம் வெளுத்திருக்கிறது" என்றாள். நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். பேச்சை மாற்றிவிட்டேன்.

சித்தியே ஞாயிறு தவறாமல் ஈரல் சாப்பிடுகிறவள்தான். அவளுக்கும் பி12 குறைந்துபோனது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுவதால் உடம்பு அதை ஏற்கவில்லை. ஆகவே இது கறி தின்பவர், தின்னாதவர் வழக்கு இல்லை. உன்னைத் தோற்கடிக்க அம்மா வழி தேடுகிறாள் என்று நினைத்துவிடாதே.

மாத்திரை சாப்பிட்டால் கொள்கை கெட்டுவிடுமோ என்று நீ யோசிப்பாய். பி12ஐ ஆடு செய்வதில்லை, மாடும் செய்வதில்லை. அவற்றின் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் செய்கின்றன, அது ஈரலில் போய்ச் சேருகிறது. மாத்திரைக்கு வேண்டியதையும் அதே மாதிரி நுண்ணுயிர்களைத் தொட்டியில் வளர்த்துத்தான் எடுக்கிறார்கள். நடுவில் ஆடு இல்லை, அவ்வளவுதான். கேப்ஸ்யூல் வாங்காதே, அதன் மேலுறை பெரும்பாலும் விலங்கு எலும்பிலும் தோலிலும் எடுத்த ஜெலட்டின். மாத்திரையாகக் கேட்டு வாங்கு. ஆனால் முதலில் இரத்தம் கொடு, பிறகு மாத்திரை. முன்னாலேயே போட்டுக்கொண்டால் எண் ஏறிக் காட்டும், உண்மை தெரியாது. மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் மருத்துவர் ஊசியே போடச் சொல்லலாம், பயப்படாதே. 300க்குள் இருந்தாலும் "நார்மல்" என்று சொல்லி அனுப்ப விடாதே, கால் மரத்துப்போவதைச் சொல். நீ சொல்ல மாட்டாய், எனக்குத் தெரியும். சொல்.

மலையில் ஒரு தாய் இருந்தாள். அசைவக் குடும்பம்தான், ஆனால் கறி பண்டிகைக்குப் பண்டிகை, பால் வாங்க வசதியில்லை. பிறந்தபோது கொழுகொழுவென்று இருந்த குழந்தை ஏழாம் மாதம் சிரிப்பதை நிறுத்திவிட்டது. கை நடுங்கியது, விரல் மடிப்புகள் கறுத்தன. தாய்ப்பாலில் பி12 இல்லை. தாயிடம் இருந்தால்தானே பாலில் வரும்? ஊசி போட ஆரம்பித்த சில நாளில் அந்தக் குழந்தை என் முகம் பார்த்துச் சிரித்தது. இதை எழுதலாமா என்று நேற்று முழுவதும் யோசித்தேன். தெரிந்தும் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

இரும்புக்கு இப்படிச் செய். கீரை, பருப்பு எது சாப்பிட்டாலும் மேலே எலுமிச்சை பிழிந்துகொள், அல்லது ஒரு நெல்லிக்காய். சாப்பாட்டோடு காப்பி, டீ வேண்டாம், முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விடு. நம் தோட்டத்துக் காப்பிதானே என்று சாப்பிட்ட கையோடு குடிக்கிறாய், பார்த்தேன். கேழ்வரகை முளைகட்டி அரைத்த மாவு இரண்டு கிலோ அனுப்புகிறேன். அப்பா வெயிலில் உட்கார்ந்து காக்கையை விரட்டிக் காயவைத்தார், அவரிடம் ஒரு வார்த்தை சொல். தம்பிக்கு வேலை மாற்றம் வந்திருக்கிறது, அதைத் தனியாக எழுதுகிறேன்.

இந்த வாரமே போ. பி12 பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை, அலுவலகம் முடிந்து போகலாம். ரிப்போர்ட் வந்ததும் அந்த ஒரு வரியை மட்டும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. அந்தத் தாளில் வேறு பரிசோதனைகளும் இருந்தால் அவற்றைக் கையால் மறைத்துக்கொண்டு எடு, நான் கேட்க மாட்டேன்.

அன்புடன்,
அம்மா