ரோபோ வாங்காமலே ஆழம் காணலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளில் ரோபோ உதவியுடன் நடக்கும் அறுவை சிகிச்சைகள் குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்திலுள்ள பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 2022-இல் ரோபோ நிறுவப்பட்டபோது, கட்டணம் செலுத்த இயலாத நோயாளிக்கும் அவ்வசதி கிடைக்கிறதே என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். எனினும், அந்த இயந்திரம் தரும் நன்மைகளில் முதன்மையானதாக நான் கருதும் ஒன்று, அதாவது வயிற்றுக்குள் இருப்பதை ஆழத்துடன் காணும் வசதி, ரோபோ இல்லாத சாதாரண லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளைகளிட்டுக் கேமரா வழியே பார்த்துச் செய்யும் அறுவை) அரங்கிலேயே, முப்பரிமாணக் கேமரா இருந்தால், கிடைக்கக்கூடியது. கட்டுரையில் இது இடம்பெறவில்லை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நம் இரு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட கோணங்களில் பார்க்கின்றன. அவ்விரு படங்களையும் மூளை இணைப்பதால்தான் தொலைவும் ஆழமும் புலப்படுகின்றன. இதனை ஆங்கிலேய அறிவியலாளர் சார்லஸ் வீட்ஸ்டன் 1838-லேயே விளக்கிவிட்டார். வழக்கமான லேப்ராஸ்கோப்பியிலோ ஒரே ஒரு கேமராவின் படம் தட்டையான திரையில் தெரிகிறது. நிழல், உறுப்புகளின் அளவு, ஒன்றை ஒன்று மறைக்கும் விதம், கேமரா நகரும்போது காட்சி மாறும் விதம் ஆகியவற்றைக் கொண்டு மருத்துவர் ஆழத்தை ஊகித்துக்கொள்கிறார். பழகிய கைகளுக்கு இந்த ஊகம் பெரும்பாலும் போதுமானதாகவே இருக்கிறது. தையல் போடும்போதுதான் அதன் போதாமை வெளிப்படுகிறது. வளைந்த ஊசியைச் சரியான கோணத்தில் பிடிப்பது, அதன் முனையைத் திசுவில் வேண்டிய ஆழத்துக்கு மட்டும் செலுத்துவது, உள்ளேயே நூலைச் சுற்றி முடிச்சிடுவது என ஒவ்வொரு கட்டத்திலும் ஊசி முனை இலக்குக்கு முன்னாலோ பின்னாலோ சென்று திரும்புகிறது. அவ்வாறு திரும்பும் ஒவ்வொரு முறையும் மயக்க நிலையில் இருக்கும் நோயாளியின் நேரம் கழிகிறது.

முப்பரிமாண லேப்ராஸ்கோப்பிக் கருவியில், ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாய்க்குள் இரண்டு ஒளிப்பாதைகள் அமைந்திருக்கும். இரண்டின் படங்களும் ஒரே திரையில் வர, திரையரங்குகளில் தரப்படுவது போன்ற எடை குறைந்த கண்ணாடி ஒவ்வொரு கண்ணுக்கும் உரிய படத்தைப் பிரித்துத் தருகிறது. 1990-களில் வந்த கருவிகள் இத்தகையவை அல்ல. கனமான கண்ணாடி, மினுக்கும் படம், சிறிது நேரத்திலேயே தலைவலி என்ற நிலையே அப்போது இருந்தது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகர அறுவை சிகிச்சை நிபுணர்கள் 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வும், பித்தப்பை அகற்றும் 60 அறுவை சிகிச்சைகளில் முப்பரிமாணக் காட்சியால் பயன் எதுவும் இல்லை என்றே கூறியது. மூத்த மருத்துவர்கள் சிலர் இன்றும் இதனை ஏற்கத் தயங்குவதற்கு அக்கால அனுபவமே காரணம். அத்தயக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதன்பின் கேமராவும் திரையும் கண்ணாடியும் முற்றிலும் மாறிவிட்டன. ஐரோப்பிய அகநோக்கு அறுவை சிகிச்சைச் சங்கம் 2018-இல் நடத்திய கருத்தொருமிப்பு மாநாடு, அறுவை நேரத்தைக் குறைக்க முப்பரிமாணக் காட்சியைப் பரிந்துரைத்தது. தொகுக்கப்பட்ட ஆய்வுகளில், குறிப்பாகத் தையல் தேவைப்படும் அறுவை சிகிச்சைகளில், சிக்கல்கள் குறைந்திருந்ததையும் பதிவு செய்த அம்மாநாடு, அதனை உறுதிப்படுத்த மேலும் ஆய்வுகள் தேவை என்றும் கூறியது.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை அகற்றும்போது நேர்ந்த பித்தநாளக் காயங்கள் 252-ஐ ஆராய்ந்து 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, அவற்றில் 97 சதவீதத்துக்குக் காரணம் கைத்திறன் குறைவன்று, கண்ட காட்சியைத் தவறாகப் புரிந்துகொண்டதே என்று காட்டியது. இதனை முப்பரிமாணக் கேமராவுக்கான வாதமாகச் சிலர் முன்வைக்கின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெட்டக்கூடாத பொதுப் பித்தநாளத்தை, வெட்ட வேண்டிய பித்தப்பை நாளம் என்று கருதிவிடுவது ஆழம் தெரியாததால் வரும் பிழையன்று, அடையாளம் தவறுவதால் வரும் பிழை. அதற்கான மருந்து, 1995-இல் அறுவை சிகிச்சை நிபுணர் ஸ்ட்ராஸ்பெர்க்கும் அவருடைய குழுவினரும் வலியுறுத்திய முறைப்படி, நாளத்தையும் தமனியையும் ஐயமறப் பிரித்துக் காணும்வரை எதையும் வெட்டாதிருப்பதே. ஆகவே பித்தப்பை அறுவைக்காக மட்டும் இக்கருவியை வாங்கச் சொல்ல மாட்டேன். பித்தநாளத்தைத் திறந்து கல்லெடுத்துத் தைப்பது, குடலை இணைப்பது, சிறுநீரகக் குழாய் அடைப்பைச் சீரமைப்பது, கருப்பை அகற்றியபின் உள்ளே தைத்து மூடுவது போன்றவை நாள்தோறும் நடக்கும் அரங்குகளுக்கே இது முதலில் செல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படுவது மாணவர்கள்தாம். முதுநிலைப் படிப்பின் மூன்று ஆண்டுகளுக்குள், ஓயாத நோயாளிக் கூட்டத்துக்கு நடுவே, அவர்கள் உள்தையலைக் கற்றாக வேண்டும். பயிற்சிப் பெட்டிகளில் நடந்த ஆய்வுகள் பலவற்றில், முப்பரிமாணத் திரையைப் பார்த்துச் செய்த புதியவர்கள் குறைந்த நேரத்தில், குறைந்த பிழைகளுடன் வேலையை முடித்திருக்கிறார்கள். மேலும், தனி இருக்கையில் அமர்ந்து இயக்கும் ரோபோவில் ஆழக்காட்சி இயக்குபவருக்கு மட்டுமே கிடைக்க, அருகில் நிற்கும் உதவியாளர் பெரும்பாலும் தட்டையான திரையைத்தான் பார்க்கிறார். முப்பரிமாண லேப்ராஸ்கோப்பியில் பேராசிரியர் காணும் அதே ஆழத்தைக் கேமரா பிடிக்கும் மாணவரும், கருவி எடுத்துத் தரும் செவிலியரும் காண்கிறார்கள். கற்பிக்கும் மருத்துவமனைக்கு இதனினும் பொருத்தமான காரணம் வேண்டுமா?

கருவி கொள்முதலைக் கவனிக்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒப்பந்தப்புள்ளிக்கான விவரக்குறிப்புகளை எழுதுமுன், ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவமனைகளின் அரங்குகளில் வெவ்வேறு கருவிகளைச் சில வாரங்கள் பயன்படுத்திப் பார்க்கச் செய்ய வேண்டும். முனை சாய்வாக அமைந்த கேமராவைச் சுழற்றிப் பக்கவாட்டில் பார்க்கும் பழக்கம் இரட்டை ஒளிப்பாதைக் கருவிகள் பலவற்றில் அப்படியே செல்லுபடியாகாது; திரையை நேர் எதிரே, உரிய தொலைவில் வைக்காவிட்டால் ஆழம் சிதைந்து கண் வலிக்கும்; இவை விலைப்பட்டியலில் தெரியாதவை. மாறுகண் போன்ற காரணங்களால் இரு கண் ஆழப்பார்வை அமையாத மருத்துவர்களும் உண்டு என்பதால், பொத்தானை அழுத்தியதும் வழக்கமான காட்சிக்கு மாறும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். கேமரா பழுதானால் மாற்றுக் கருவி எத்தனை நாளில் வரும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு மருத்துவக் கல்லூரி அறுவை சிகிச்சைப் பேராசிரியர்,
அண்ணா நகர், சென்னை.