வலியே இல்லை என்கிறீர்களே, சித்தப்பா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை நாலைந்து முறை பெரிதாக்கிப் பார்த்தேன். வலது காலில், சுண்டுவிரலுக்குக் கீழே, நத்தை ஓடு கிழித்த காயம். ஆறு நாள் ஆயிற்றாம். "கொஞ்சம் சீழ் இருக்கு, ஆனா வலியே இல்லம்மா. நடவு முடிஞ்சதும் காட்டிக்கிறேன்" என்றீர்கள். அந்த "வலியே இல்லை"தான் என்னைத் தூங்கவிடவில்லை. அப்பாவும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்.

இதை எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். நம் தெருவில் சர்க்கரை நோய் இல்லாத வீடு எது என்று யோசித்துப் பாருங்கள். நாடு முழுக்க 10 கோடிப் பேருக்கு மேல் என்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு) ஆய்வு 2023-இல் சொன்னது. அவர்களில் எத்தனை பேர் இந்த ஐப்பசியில் சேற்றில் நிற்கிறார்களோ.

லேபில் சீழையும் சளியையும் கல்ச்சர் போட்டு, அதாவது அதிலுள்ள கிருமியை வளர்த்து, இன்னதென்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அதனால் காயத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். தோல் கிழிந்ததும் முதலில் ஓடி வருவது நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு. எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களைச் செய்து அனுப்புகிறது. அது கிருமி இருக்கும் திசையறிந்து, ரத்தக்குழாய்ச் சுவரின் இடுக்கு வழியே வெளியே வந்து, கிருமியை விழுங்கி, உள்ளே வைத்து ரசாயனத்தால் கொல்லும். அந்த ரசாயனங்களில் ஒன்று, ஊராட்சித் தொட்டியில் போடுகிற ப்ளீச்சிங் பவுடர் தண்ணீரில் கரைந்ததும் உண்டாவதேதான்.

ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் இந்த வேலை முழுக்க மந்தமாகிறது. வெள்ளையணு தாமதமாக வருகிறது, குறைவாக விழுங்குகிறது, விழுங்கியதையும் சரியாகக் கொல்வதில்லை. அந்த ரசாயனம் செய்ய என்ஏடிபிஎச் என்ற மூலப்பொருள் வேண்டும். வெள்ளையணுவுக்குள் மிதமிஞ்சிப் புகுந்த சர்க்கரையை வேறொன்றாக மாற்றுவதிலேயே அதில் ஒரு பங்கு தீர்ந்துவிடுகிறது. போன மாதம் உங்கள் ஹெச்பிஏ1சி 10.8 வந்ததே, அது ஹீமோகுளோபின் மேல் ஒட்டிய சர்க்கரையின் கணக்கு. அப்படியே கிருமியை அடையாளம் காட்டுகிற புரதங்களின் மேலும் சர்க்கரை ஒட்டுகிறது.

கால் ஏன் முதலில் மாட்டுகிறது என்பதை உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். மேட்டூரைத் திறந்து, கல்லணையைத் திறந்து, வெண்ணாற்றில் தண்ணீர் புரண்டு வந்தாலும், தூர் வாராத வாய்க்காலில் கடைமடைக்கு என்ன வந்து சேரும்? பாதம் உடம்பின் கடைமடை. பல வருஷச் சர்க்கரையில் சின்ன ரத்தக்குழாய்கள் கெட்டுக் குறுகியபின், வெள்ளையணுவும் சரியாகப் போய்ச் சேராது, நீங்கள் விழுங்குகிற ஆன்டிபயாட்டிக்கும் போய்ச் சேராது. நரம்பும் செத்துப்போயிருப்பதால் வலி என்ற தகவல் மேலே வராது. கால் நிறையச் சீழை வைத்துக்கொண்டு அப்பா வரப்பில் நடந்தது அப்படித்தான்.

அப்பாவுக்கும் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டோம். நானும் போட்டேன், அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். முதலில் காட்டிய இடத்தில் கட்டு மட்டும் கட்டி அனுப்பினார்கள், சர்க்கரை பார்க்கவில்லை. தஞ்சாவூர் கொண்டுபோனபோது 412. இரண்டு விரல்களை எடுத்தார்கள். அப்புறம் முழங்காலுக்குக் கீழே. தூக்கிக்கொண்டு போனவர் நீங்கள்.

இன்னொன்று. நம் சேற்றைப் பற்றி. வெப்ப நாடுகளில் வயல் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிற பாக்டீரியா ஒன்று உண்டு, அதனால் வரும் நோய்க்கு மெலியாய்டோசிஸ் என்று பெயர். 1912-இல் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இரு மருத்துவர்கள் ரங்கூனில் இதை முதன்முதலாக விவரித்தார்கள். நம் பக்கத்திலிருந்து எத்தனையோ பேர் பிழைக்கப் போன அதே ரங்கூன். தமிழ்நாட்டிலும் இது இருக்கிறது. மழைக்காலத்தில் கூடும், வெறுங்காலின் கீறல் வழியாகவும் நுழையும். இது வருவதற்கான காரணங்களில் முதலிடம் சர்க்கரை நோய்க்குத்தான். நுரையீரலில் வந்தால் காசநோய் போலவே தெரியும், ஈரலில் சீழ்க்கட்டியாகவும் வரும். ஊசி மருந்து குறைந்தது 10 நாள், பிறகு மாத்திரை 3 மாதம். கல்ச்சர் போடாமல் உறுதிசெய்ய முடியாது. அதனால் டாக்டரிடம் "சர்க்கரை இருக்கு, வயல்ல வேலை, கல்ச்சர் போடுங்க" என்ற மூன்றையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் காயம் அதுதான் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் இருக்காது. ஆனால் கேட்காமல் விடக்கூடாது.

காசநோயும் சர்க்கரைக்காரருக்கு 2, 3 மடங்கு அதிகம். உங்களுக்கு இருக்கிற அந்த இருமலையும் சேர்த்துக் காட்டுங்கள்.

பயமுறுத்தவே எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். நியூட்ரோஃபிலின் ஆயுள் சில நாள்தான். இன்று இருப்பவை போய், புதியவை வந்துகொண்டே இருக்கும். சர்க்கரை இறங்கினால், அந்த ரத்தத்துக்குப் புதிதாக வருபவை இதைவிட நன்றாக வேலை செய்கின்றன. குழாயும் நரம்பும் அப்படி எளிதில் திரும்பாது, காவல் ஓரளவு திரும்பும். 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தபிறகு மாத்திரை வாசலுக்கே வருகிறது. சித்தி சொல்கிறாள், பாதி அப்படியே டப்பாவில் கிடக்கிறதாம். காயத்தில் கிருமி இருக்கும்போது சர்க்கரை தானாகவே இன்னும் ஏறும். இப்போது போய் நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கம்பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன். நடவுச் சேறு அதை உருவிவிடும் என்பது எனக்கும் தெரியும். காயம் ஆறும்வரை மட்டும் வயலில் இறங்காதீர்கள். மஞ்சள் வேண்டாம், சுண்ணாம்பு வேண்டாம். சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, சுத்தமான துணியால் மூடிக்கொண்டு இன்று காலையிலேயே மன்னார்குடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இன்னொரு காலின் அடியையும் சித்தி டார்ச் அடித்துப் பார்க்கட்டும்.

நடவாட்கள் வந்துவிட்டார்கள் என்பீர்கள். வரப்பில் சித்தி நின்றால் நாற்று நேராகத்தான் விழும், உங்களைவிட அவளுக்குக் கண் கூர்மை. கூலிப் பணத்தை நான் அனுப்பிவிட்டேன். வெள்ளி ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். சனிக்கிழமை விடியற்காலையில் நீடாமங்கலம் ஸ்டேஷனுக்கு என்னை அழைக்க நீங்கள் வர வேண்டாம். கட்டுப் போட்ட காலோடு திண்ணையில் உட்கார்ந்திருங்கள், அது போதும்.

உங்கள் அண்ணன் மகள்