வாயில் வராத எழுத்துகள்

அன்புள்ள மகளுக்கு,

நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கூட்டத்தில் கடனுக்கான ஆங்கிலச் சொல்லை 'டெப்ட்' என்று சொன்னாய், எதிரே இருந்தவர் 'டெட்' என்று திருத்தினார், இரண்டு பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நீ வாயே திறக்கவில்லை. கணக்கு முழுக்கப் போட்டது நீ, எடுத்துச் சொன்னது வேறொருவர். அதுதான் எனக்கு மனசு ஆறவில்லை. போனில் பேசித் தீருகிற விஷயமில்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ அந்தச் சொல்லைக் காதால் கற்றவள் இல்லை, கண்ணால் கற்றவள். புத்தகத்தில் பார்த்தாய், இருந்த எழுத்தைப் படித்தாய். ஏ-க்கு அடுத்து வரும் பி அதில் நட்டநடுவில் நிற்கிறது. பார்க்கிற யாரும் அதை உச்சரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் ஆங்கிலேயர் அந்தச் சொல்லைப் பேசத் தொடங்கிய நாளில் அதில் பி கிடையாது. பிரெஞ்சிலிருந்து வந்த சொல் அது. 'டெட்டெ' என்றார்கள், அப்படியே எழுதவும் செய்தார்கள். பிற்பாடு லத்தீன் படித்த பண்டிதர்கள், இதன் மூலம் லத்தீனில் 'டெபிட்டும்' அல்லவா, அந்தப் பெருமை எழுத்தில் தெரிய வேண்டாமா என்று பி-யைக் கொண்டுவந்து செருகினார்கள். எழுத்து மாறியது, வாய் மாறவில்லை. சந்தேகத்தைச் சொல்லும் 'டவுட்'டுக்கும் இதே கதைதான். லத்தீன் 'டுபிட்டாரே'யைக் காட்ட வந்த பி அது.

ரசீதுக்கான 'ரிசீட்' இன்னும் வேடிக்கை. லத்தீன் 'ரெசெப்டா'வை நினைத்து அதில் க்யூ-வுக்கு முந்தின பி-யைப் போட்டார்கள். ஏமாற்றுக்கு 'டிசீட்', அகந்தைக்கு 'கன்சீட்' என்று அதே வேரில் பிறந்த சொற்கள் இருக்கின்றனவே, அவற்றில் போடவில்லை. ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் பட்டம் கட்டிய மாதிரி. இதில் எந்த விதியை வைத்து நீ ஊகித்திருக்க முடியும்? தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்'டை நினைத்தால் எனக்குக் கோபமே வரும். அது பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். லத்தீன் 'இன்சுலா'வோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒலி ஒத்துப்போகிறதே என்று உறவு கொண்டாடி ஓர் எஸ்-ஐச் செருகிவிட்டார்கள். இன்றுவரை குழந்தைகள் அந்தப் பிழையை மனப்பாடம் செய்கிறார்கள்.

பேசாத எழுத்தெல்லாம் இப்படிச் செருகியவைதான் என்று நினைத்துவிடாதே. பல எழுத்துகள் ஒரு காலத்தில் உண்மையாகவே ஒலித்தவை. முழங்காலுக்கான 'நீ', கத்திக்கான 'நைஃப்', அறிவதற்கான 'நோ', இவற்றின் முன்னால் நிற்கும் கே-யை அந்தக் காலத்து ஆங்கிலேயர் 'க்நீ', 'க்னீஃப்' என்று வாய் நிறையச் சொன்னார்கள். இரவைச் சொல்லும் 'நைட்'டின் நடுவே இருக்கும் ஜி, எச் இரண்டும் சேர்ந்து தொண்டையில் உரசி வரும் ஓர் ஒலி. நாம் 'அஃது' என்று சொல்லும்போது வருகிறதே, ஏறத்தாழ அது. 'நிஃட்' என்று சொல்லிப் பார், கிட்டத்தட்டப் பழைய ஆங்கிலம் உன் வாயில் வந்துவிடும். அந்த ஒலி பின்னாளில் சில சொற்களில் அடியோடு மறைந்தது, சிலவற்றில் 'ஃப்' ஆனது. அதனால்தான் 'தோ', 'த்ரூ', 'டஃப்', 'காஃப்', 'பவ்' என்று ஐந்து விதமாகச் சொன்னாலும் எழுதும்போது எல்லாம் ஓ, யூ, ஜி, எச் என்ற ஒரே வாலோடு முடிகின்றன.

உயிரெழுத்துகளின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். இங்கிலாந்தின் முதல் அச்சகம் அதுதான். அச்சு வந்ததும் எழுத்து மெல்ல மெல்ல உறையத் தொடங்கியது. ஆனால் அதே காலத்தில் மக்களின் வாய் ஓயாமல் மாறிக்கொண்டிருந்தது. சுமார் 1400-க்கும் 1700-க்கும் இடையில் ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் அனைத்தும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இடம் மாறின. 'நேம்' அதற்கு முன்னால் 'நாமெ'. 'டைம்' அப்போது 'டீமெ'. 'ஹவுஸ்' அப்போது 'ஹூஸ்'. எழுதிய வடிவம் பழைய ஒலிக்கு, பேசுகிற ஒலி புதியது. ஆங்கிலத்தில் ஏ என்ற எழுத்தை ஏன் 'ஏ' என்கிறோம், மற்ற ஐரோப்பிய மொழிகள் ஏன் அதை 'ஆ' என்கின்றன என்று சின்ன வயதில் நீ கேட்பாயே, அதற்குப் பதில் இதுதான்.

இதில் மூன்று சொற்களை மட்டும் எடுத்துப் பார். உணவு, நல்லது, இரத்தம்: 'ஃபூட்', 'குட்', 'பிளட்'. மூன்றிலும் இரட்டை ஓ, மூன்றும் மூன்று ஒலி. ஆதியில் மூன்றிலும் ஒரே 'ஓ'தான் நெடிலாக ஒலித்தது. மூன்றும் சேர்ந்தே 'ஊ' ஆயின. பிறகு 'பிளட்' முதலில் குறுகி 'உ' ஆனது, அந்த 'உ' வேறு பல சொற்களோடு சேர்ந்து 'அ' பக்கம் நகர்ந்துவிட்டது. 'குட்' தாமதமாகக் குறுகியது, நகர்கிற கூட்டம் அதற்குள் போய்விட்டதால் 'உ'விலேயே நின்றது. 'ஃபூட்' குறுகவே இல்லை. யாரும் குழப்ப வேண்டும் என்று செய்ததில்லை, கண்ணு. ஒவ்வொரு சொல்லும் வெவ்வேறு வேளையில் கிளம்பியது, அவ்வளவுதான்.

கையெழுத்தும் தன் பங்குக்கு விளையாடியிருக்கிறது. மகனுக்கான 'சன்', அன்புக்கான 'லவ்', வா என்பதற்கான 'கம்', இவற்றில் 'அ' ஒலிக்கு ஏன் ஓ எழுதுகிறார்கள்? பழைய ஏட்டுக் கையெழுத்தில் யூ, எம், என், வி, ஐ எல்லாமே குட்டைக் குட்டையான செங்குத்துக் கோடுகள். அடுத்தடுத்து வந்தால் எது எங்கே முடிகிறது என்று தெரியாது. கண்ணுக்குப் பிரித்துக் காட்டத்தான் யூ இருந்த இடத்தில் ஓ போட்டார்கள் என்பது பலரும் தரும் விளக்கம். புதைப்பதைச் சொல்லும் 'பெரி', வேலையாக இருப்பதைச் சொல்லும் 'பிசி' இரண்டையும் யூ போட்டு எழுதுகிறோம். அந்த எழுத்து இங்கிலாந்தின் மேற்குப் பக்கத்து வழக்கு. 'பெரி' என்ற ஒலி கென்ட் பகுதியுடையது, 'பிசி' என்ற ஒலி மத்திய இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்தது. ஓர் ஊர்க்காரர் எழுத்து, இன்னோர் ஊர்க்காரர் வாய். ராணுவ அதிகாரி 'கர்னல்' விஷயத்தில் இரண்டு நாடுகளே சம்பந்தப்பட்டிருக்கின்றன. எல் போட்ட எழுத்து இத்தாலிய வடிவத்தைப் பின்பற்றியது, ஆர் ஒலிக்கும் பேச்சு பழைய பிரெஞ்சு 'கொரொனெல்'.

ஏன் யாரும் இதைச் சரிசெய்யவில்லை என்று கேட்பாய். முயன்றார்கள். நோவா வெப்ஸ்டர் 1828-இல் வெளியிட்ட அகராதி நிறத்துக்கான 'கலர்' போன்ற சொற்களில் யூ-வை எடுத்தது, அமெரிக்காவில் அது நிலைத்தது. 1906-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 300 சொற்களை எளிய வடிவில் அச்சிடச் சொன்னார், எதிர்ப்பு கிளம்பி அந்த ஆண்டே பின்வாங்க வேண்டியதாயிற்று. 1950-இல் இறந்த பெர்னார்ட் ஷா, புது எழுத்து உருவாக்க உயிலிலேயே பணம் ஒதுக்கினார். எழுத்தும் உருவானது, 1962-இல் அவருடைய நாடகம் ஒன்றும் அதில் அச்சானது. அதற்கு மேல் போகவில்லை.

மாற்றாமல் விட்டது நல்லது என்பதுதான் என் கட்சி. யாருடைய வாயை வைத்து மாற்றுவது? காரை லண்டனில் ஆர் இல்லாமல் 'கா' என்பார்கள், அமெரிக்காவில் ஆர் தெளிவாகக் கேட்கும். இன்னொரு காரணமும் உண்டு. கையெழுத்து போடுவது 'சைன்', அதில் ஜி ஒலிக்காது. ஆனால் 'சிக்னல்', 'சிக்னேச்சர்' என்றதும் அந்த ஜி எழுந்துவிடுகிறது. 'பாம்' என்பதில் தூங்கும் பி, 'பம்பார்ட்' என்றதும் விழிக்கிறது. ஊமை எழுத்துதான் உறவைக் காட்டுகிறது. இறந்தகாலத்துக்குப் போடும் இ, டி-யையே எடுத்துக்கொள். 'வாக்ட்' என்பதில் அது 'ட்', 'பிளேய்ட்' என்பதில் நம் 'வண்டி'யில் வருகிற மெலிந்த ஒலி, 'வான்டட்' என்பதில் ஒரு தனி அசை. ஒலி மூன்று, எழுத்து ஒன்று, பொருளும் ஒன்று. நாமும் 'வந்துச்சு' என்று பேசிவிட்டு 'வந்தது' என்று எழுதுகிறவர்கள்தானே. பேச்சு ஊருக்கு ஊர் மாறினாலும் எழுத்தை எல்லாரும் படிக்க முடிகிறது.

அதற்குக் கொடுக்கும் விலை பெரியதுதான், மறுக்கவில்லை. ஆங்கிலத்தையும் வேறு 12 ஐரோப்பிய மொழிகளையும் ஒப்பிட்டு 2003-இல் ஓர் ஆய்வு வந்தது. பெரும்பாலான மொழிகளில் குழந்தைகள் முதல் வகுப்பு முடியுமுன் எளிய சொற்களைத் தப்பில்லாமல் வாசித்தார்கள். ஆங்கிலக் குழந்தைகளுக்கு அந்த நிலைக்கு வர இரண்டு மடங்குக்கும் மேலான காலம் பிடித்தது. அந்த மொழியை வீட்டில் பேசி வளரும் குழந்தைகள் அவர்கள்! அமெரிக்காவில் 1925 முதல் எழுத்துக்கூட்டிச் சொல்வதற்கே தேசியப் போட்டி நடக்கிறது. உன்னைப் பார்த்துச் சிரித்தவர்களும் ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு சொல்லில் இடறியிருப்பார்கள். ஒன்றின் கச்சிதமான எடுத்துக்காட்டைக் குறிக்கும் சொல்லை, 'எபிடமி' என்று நான்கு அசையில் சொல்ல வேண்டியதை 'எபிடோம்' என்று சொல்லும் தாய்மொழிக்காரர்கள் எத்தனையோ பேர்.

இப்போது உனக்கு உண்மையாகவே உதவுகிற ஒன்று. ஊமை எழுத்தைவிட உன் பேச்சு எதிராளிக்குப் புரியாமல் போவதற்குப் பெரிய காரணம் அழுத்தம். தமிழில் அசைகளுக்குக் கிட்டத்தட்டச் சமமான எடை கொடுத்துப் பேசுகிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கும், மற்றவை சுருங்கி 'அ'வுமில்லாத 'எ'யுமில்லாத ஒரு மங்கல் ஒலியாகிவிடும். ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிர் அந்த மங்கல் ஒலிதான், அதற்கென்று ஓர் எழுத்து கிடையாது. 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் ஓங்குவது முதல் 'ஃபோ'. 'ஃபடாக்ரஃபி' என்று தொழிலைச் சொல்லும்போது 'டா'. 'ஃபோட்டோகிராஃபிக்' என்றால் 'கிரா'. எழுத்தைப் பார்த்தால் ஒரே சொல்லின் வால் நீண்ட மாதிரி இருக்கும், காதுக்கு மூன்றும் வேறு வேறு. 'டெவலப்' என்று நாம் முதல் அசையை அழுத்துகிறோம், அவர்களுக்கு அது 'டி-வெ-லப்', 'வெ' ஓங்க வேண்டும். பதிவைச் சொல்லும் 'ரெக்கார்ட்' பெயராக வந்தால் முன்னால் அழுத்தம், பதிவுசெய் என்று வினையாக வந்தால் பின்னால்.

எழுத்துக்கு விதி கேட்டால் கைவிரிக்கும் ஆங்கிலம், அழுத்தத்துக்குச் சில நல்ல விதிகளை வைத்திருக்கிறது. 'ஷன்' என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசையை அழுத்து: 'டிப்ரீஷி-ஏ-ஷன்'. 'இட்டி' என்று முடிந்தாலும் அதற்கு முந்தையதுதான்: 'லய-பி-லிட்டி'. 'இக்' என்று முடிந்தாலும் பெரும்பாலும் அப்படியே. உன் வேலையில் புழங்கும் நீளமான சொற்களில் பல இந்த மூன்றிலேயே அடங்கிவிடும். மற்றவற்றுக்கு அகராதியைத் திற. ஓங்கும் அசைக்கு முன்னால், தலைக்கு நேராக ஒரு சின்னச் செங்குத்துக் கோடு போட்டிருப்பார்கள். ஒலியையும் அழுத்திக் கேள், கேட்டதும் வாய்விட்டுச் சொல். மனசுக்குள் சொல்லிப் பழகினால் நாக்குக்குப் போகாது.

அடுத்த கூட்டத்துக்குத் தயாரிக்கும் தாளை முன்கூட்டியே எனக்கு அனுப்பு. சந்தேகமான சொற்களின் அடியில் கோடு போட்டு வை. அடமானத்துக்கான 'மார்கேஜ்' என்பதில் எஸ்-க்கு அடுத்து வரும் டி ஒலிக்காது என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன், அது உன் தாளில் கட்டாயம் வரும். இரவு போனில் ஒருமுறை முழுதும் படித்துக் காட்டு, நான் அழுத்தங்களைக் கேட்டுச் சொல்கிறேன். கூட்டத்தில் யாராவது திருத்தினால் 'நன்றி' என்று சொல்லிவிட்டு, விட்ட வாக்கியத்தை முடி. அதற்கடுத்த வாக்கியத்தையும் நீயே சொல். கணக்கு உன்னுடையது.

அன்புடன்,
அம்மா